ஆர்லாண்டோவுக்கு இரண்டு ஜோடி ஷூ

இங்கே நியூஜெர்சியில், ஞாயிற்றுக்கிழமைகளில் இளையவனைத் தமிழ்ப்பள்ளி வகுப்புக்குள் அனுப்பிவிட்டு, காபிக் குவளையோடு வாசலில் நிற்கும் பெற்றோர் கூட்டத்தில் எனக்கு இப்போது ஒரு தனிப் பதவி கிடைத்திருக்கிறது. வீட்டுக்கடன் வட்டி பற்றிக் கேட்க ஒருவர் இருக்கிறார். க்ரீன் கார்டு வரிசை பற்றிக் கேட்க இன்னொருவர். டிஸ்னி காலேஜ் புரோகிராம் பற்றிக் கேட்க வேண்டுமென்றால் என்னிடம் வருகிறார்கள். என் மூத்த மகள் 2024 ஆகஸ்டில் போய் 2025 ஜனவரியில் திரும்பி வந்தவள் என்பதுதான் எனக்குள்ள ஒரே தகுதி.

எல்லாரும் முதலில் கேட்பது இரண்டு கேள்விகள். "அண்ணா, பாதுகாப்பாக இருக்குமா?" அடுத்தது, "ரெசுமேயில் போட்டால் மதிப்பு உண்டா?" நான் இரண்டுக்கும் பதில் சொல்வதில்லை. "பிள்ளைக்குக் கல்விக்கடன் இருக்கிறதா?" என்று திருப்பிக் கேட்பேன். கேட்டவர் முகத்தில், இவனுக்கு என்ன ஆயிற்று என்ற ஒரு பார்வை வந்து போகும். எனக்கும் அப்படித்தான் இருந்தது, என் மகளின் கல்லூரியோடு அந்த மூன்றாவது தொலைபேசிப் பேச்சு நடக்கும் வரை.

அதற்கு முன் விவரம் தெரியாதவர்களுக்காக ஒரு வரி. ஃபுளோரிடாவில் ஆர்லாண்டோவுக்குப் பக்கத்தில் இருக்கும் வால்ட் டிஸ்னி வேர்ல்ட், கல்லூரி மாணவர்களை ஒரு பருவத்துக்கு வேலைக்கு எடுத்துக்கொள்கிறது. 1980-இல் தொடங்கிய ஏற்பாடு. கொரோனாவில் 2020 மார்ச்சில் நின்று, 2021-இல் மறுபடி தொடங்கியது. பிள்ளைகள் அவர்கள் காட்டும் குடியிருப்பில் வாடகை கொடுத்துத் தங்கி, பூங்காவிலோ ஓட்டலிலோ சம்பளத்துக்கு வேலை செய்கிறார்கள். பயிற்சி, அனுபவம் என்றெல்லாம் பெயர் சொன்னாலும், அட்டை குத்திப் போய்வருகிற வேலைதான். இதை முதலிலேயே மனதில் போட்டுக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

யார் போகலாம் என்பதில்தான் நம்மவர்கள் வீட்டில் அதிகம் மனக்கசப்பு வருகிறது. வயது 18 ஆகியிருக்க வேண்டும், அமெரிக்கக் கல்லூரியில் படித்துக்கொண்டிருக்க வேண்டும், அல்லது அண்மையில் படித்து முடித்திருக்க வேண்டும். இதெல்லாம் சுலபம். மூன்றாவது நிபந்தனை, அமெரிக்காவில் தடையின்றி வேலை செய்யும் உரிமை. குடியுரிமையோ க்ரீன் கார்டோ இருக்கிற பிள்ளைக்கு இதில் ஒன்றுமில்லை. இரண்டு வயதில் இங்கே வந்து, இங்கேயே பள்ளி முடித்து, பேச்சில் நியூஜெர்சி வாடை அடிக்கிற பிள்ளையாக இருந்தாலும் எச்-4 விசாவில், அதாவது எச்-1பி வேலை விசாக்காரரின் குடும்பத்துக்குத் தரும் விசாவில், இருந்தால் வேலை செய்ய முடியாது. எச்-4 வேலை அட்டை என்று நாம் பேசிக்கொள்வது வாழ்க்கைத் துணைக்கு, அதுவும் சிலருக்கு மட்டும். பிள்ளைகளுக்குக் கிடையாது. பக்கத்து வீட்டுப் பையன் என் மகளோடு சேர்ந்து விண்ணப்பத்தைத் திறந்து, அந்த ஒரு கேள்வியில் மடிக்கணினியை மூடிவிட்டுப் போனான். அவனுடைய அப்பாவின் க்ரீன் கார்டு விண்ணப்பத்துக்கு என் மகளின் வயதில் பாதிக்கு மேல் ஆகிறது.

கோயம்புத்தூரில் பொறியியல் படிக்கும் என் தங்கை மகனும் கேட்டான். "மாமா, நான் இங்கிருந்து விண்ணப்பிக்கலாமா?" இந்த வழியில் முடியாது. வெளிநாட்டவருக்கென்று வேறு வழிகள் உண்டு. எப்காட் என்ற பூங்காவில் மெக்சிகோ, நார்வே, சீனா, ஜெர்மனி, இத்தாலி, ஜப்பான், மொராக்கோ, பிரான்ஸ், பிரிட்டன், கனடா, அமெரிக்கா என்று 11 நாடுகளின் அரங்குகள் ஒரு ஏரியைச் சுற்றி நிற்கின்றன. அந்தந்த நாட்டு இளைஞர்களைக் கூட்டி வந்து அங்கே நிறுத்துவதற்குப் பயன்படுகிற க்யூ-1 என்ற விசாவை 'டிஸ்னி விசா' என்றே அழைப்பார்கள். அதிகபட்சம் 15 மாதம். அந்த 11-இல் இந்தியா இல்லை. அனிமல் கிங்டம் பூங்காவில் 'ஆனந்தபூர்' என்று ஒரு கற்பனை ஊர் இருக்கிறது, நம் ஊர்ச் சுவர்களைப் போலவே விளம்பரம் உரிந்து தொங்கும். அதற்கெல்லாம் விசா கொடுப்பதில்லை. ஆகவே, ஊரில் யாராவது பணம் வாங்கிக்கொண்டு டிஸ்னியில் கல்லூரி வேலை வாங்கித் தருவதாகச் சொன்னால் நடையைக் கட்டிவிடு என்று மருமகனிடம் சொன்னேன்.

இப்போது கடன் கதை. என் மகள் இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு முடித்திருந்தாள். வரிசைகளை எப்படி நகர்த்துவது என்பது அந்தப் படிப்பில் ஒரு பாடமாகவே வருகிறது. உலகத்தில் வரிசையை வைத்துப் பிழைக்கிற இடம் டிஸ்னியைப் போல வேறில்லை என்பது அவளுடைய வாதம். சரி என்றோம். கல்லூரியில் ஆலோசகரைக் கேட்டபோது, "ஒரு பருவம் விடுப்பு எழுதிக் கொடுங்கள், போதும்" என்றார். எழுதிக் கொடுக்கவிருந்தோம். உதவித்தொகை பற்றி வேறெதற்கோ நிதி அலுவலகத்தை அழைத்தபோது, மூன்றாவது முறை பேசிய ஒரு பெண்தான் போகிற போக்கில் கேட்டார்: "கடனுக்கு என்ன செய்யப் போகிறீர்கள்?"

விஷயம் இதுதான். அரசுக் கல்விக்கடனில், மாணவர் அரைநேரப் படிப்புக்கும் கீழே இறங்கிய நாளிலிருந்து ஆறு மாதம் சலுகைக் காலம். அது முடிந்ததும் தவணை கட்ட வேண்டும். நாங்கள் அந்த ஆறு மாதத்தை ஆகஸ்டிலிருந்து எண்ணி, பிப்ரவரி வரை கவலையில்லை, அவள் ஜனவரியில் கல்லூரிக்குத் திரும்பிவிடுவாள் என்று கணக்குப் போட்டிருந்தோம். கல்லூரி அப்படி எண்ணாது. இலையுதிர்ப் பருவத்துக்கு அவள் பெயர் பதியவில்லையென்றால், கடைசியாகப் படித்த நாள் மே மாதம் என்றுதான் அறிக்கை போகும். கோடை விடுமுறையும் கணக்கில் சேர்ந்துவிடும். ஆறு மாதம் நவம்பரில் முடிகிறது. வேலை ஜனவரியில் முடிகிறது. இதில் இன்னொரு முள்ளும் உண்டு. சலுகைக் காலம் தீர்வதற்குள் படிப்பில் சேர்ந்துவிட்டால் அந்த ஆறு மாதம் முழுசாகத் திரும்பக் கிடைக்கும். ஒருமுறை தீர்ந்துவிட்டால், பிறகு சேர்ந்தாலும் படிக்கும் காலத்தில் தவணை நிற்குமே தவிர, பட்டம் வாங்கிய பின் வேலை தேட அந்த ஆறு மாத மூச்சு கிடையாது.

தீர்வு சிக்கலானதில்லை, சற்று செலவானது. அவளுடைய பேராசிரியர், வரிசைகள் எப்படி நகர்கின்றன என்று ஓர் அறிக்கை எழுதினால் மூன்று கிரெடிட் தருவதாகச் சொன்னார். வேலை பார்க்கும் இடத்தின் உள்விவரம் எதுவும் அதில் வரக் கூடாது என்று அவரே கண்டிப்பாகவும் சொன்னார். இன்னொரு மூன்று கிரெடிட்டுக்கு இணையவழியில் ஒரு பாடம். ஆறு கிரெடிட் இருந்தால் அவள் கல்லூரியில் அரைநேர மாணவி; கடன் தூங்கிக்கொண்டே இருக்கும். ஆறு கிரெடிட்டுக்கான கட்டணத்தை நான் கட்டினேன். முழுநேரம் படித்தால்தான் உண்டு என்றிருந்த உதவித்தொகையை ஒரு பருவம் நிறுத்தி வைப்பதாகக் கல்லூரியிடமிருந்து எழுத்தில் வாங்கினோம். வாய்வார்த்தை போதாது. நம் ஊரில் தாலுகா அலுவலகத்துக்கு நடந்து வளர்ந்தவனுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை, ஆனாலும் அமெரிக்காவில் இருபது வருடம் இருந்ததில் அந்தப் புத்தி கொஞ்சம் மழுங்கியிருந்தது.

எந்த வேலை என்பதை நாம் தேர்ந்தெடுக்க முடியாது. விருப்பத்தைச் சொல்லலாம், தீர்மானிப்பது அவர்கள். ராட்டினம், கடை, விரைவு உணவு, நீச்சல்குளக் காவல், ஓட்டல் அறை என்று பலவகை. அங்குள்ள நான்கு பெரிய பூங்காக்களில் எது என்பதுகூடப் போய் இறங்கிய பிறகுதான் தெரியும். மகள் வரிசை பார்க்கும் ராட்டினப் பிரிவு வேண்டுமென்று நினைத்தாள். கிடைத்தது கஸ்டோடியல்.

கஸ்டோடியல் என்றால் துப்புரவு. பெருக்குவது, குப்பைத் தொட்டி மாற்றுவது, கழிப்பறை கழுவுவது.

இந்த இடத்தில் நான் நடந்துகொண்ட விதத்தை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். மகள் அந்தக் கடிதத்தைக் காட்டியபோது சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். என் முகம்தான் மாறியது. "மறுபடி விண்ணப்பித்தால் வேறு கிடைக்குமா?" என்று கேட்டேன். "ஏன் அப்பா?" என்றாள். அந்த 'ஏன்'-க்கு என்னிடம் சொல்லக்கூடிய பதில் ஒன்றும் இல்லை. சொல்லக்கூடாத பதில் ஒன்று இருந்தது; திருநெல்வேலியில் நான் பிறந்த தெருவில், துடைப்பம் யார் கையில் இருக்கும், யார் எந்த வாசல் வரை வரலாம் என்பதெல்லாம் யாரும் சொல்லாமலே எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அந்தத் தெருவை விட்டு வந்து முப்பது வருடம் ஆகிவிட்டது என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஊரில் கேட்டவர்களிடம் "பூங்கா நிர்வாகத்தில் வேலை" என்று சொன்னேன். நிர்வாகம்! மகள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அன்று இரவு தன் ஆச்சியை அழைத்து, "ஆச்சி, நான் குப்பை அள்ளப் போகிறேன்" என்று தெளிவான தமிழில் சொல்லிவிட்டாள். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு என் அம்மா கேட்டது: "அதற்கா அவ்வளவு தூரம் போகிறாய்?"

சரி, பணத்துக்கு வருவோம். வேலையைப் பொறுத்துச் சம்பளம் மாறும். கணக்குக்காக மணிக்கு 17 டாலர், வாரம் 32 மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள், 544 டாலர். சோஷியல் செக்யூரிட்டி என்ற ஓய்வூதிய நிதிக்கும் மெடிகேர் என்ற முதியோர் மருத்துவ நிதிக்கும் சேர்த்து 7.65 சதவீதம், அதில் 42 போகும். கூட்டாட்சி வருமான வரிப் பிடித்தம் 27-ஐ ஒட்டி. ஃபுளோரிடாவில் மாநில வருமான வரி கிடையாது. பிறகு வாடகை. அது வாரத்துக்கு 200 டாலருக்கு மேல். நம் கைக்கு வந்து போவதில்லை, சம்பளத்திலேயே பிடித்துக்கொள்வார்கள். 220 என்று வைத்தால் மிச்சம் 255. சாப்பாட்டுக்கு 80 போட்டால், கைபேசி, சோப்பு, விடுமுறை நாளில் தோழிகளோடு ஊர் சுற்றல் எல்லாவற்றுக்கும் 175. முதல் வாரச் சம்பளச் சீட்டைப் பார்த்துவிட்டு மகள் அனுப்பிய செய்தி: "அப்பா, சம்பளம் வந்தது. வந்த வழியே போய்விட்டது." அவள் திரும்பி வரும்போது கையில் 1,900 டாலர் சேமித்திருந்தாள். நான் கட்டிய ஆறு கிரெடிட்டை இதற்கு நேரே எழுதிப் பார்க்காமல் இருப்பது மனதுக்கு நல்லது. சம்பாதிப்பதற்காகத்தான் பிள்ளையை அனுப்புகிறீர்கள் என்றால் வீட்டுப் பக்கத்துக் கடையில் வேலை பார்க்கட்டும், சோறும் படுக்கையும் இலவசம்.

வரியில் ஒரு சின்ன லாபம் உண்டு. அந்த வருடம் அவளுடைய மொத்தச் சம்பளம், தனிநபருக்கு 2024-இல் இருந்த 14,600 டாலர் நிலைக்கழிவை, அதாவது வருமான வரி இல்லாத அளவை, தாண்டவில்லை. ஆகவே கூட்டாட்சி வரியாகப் பிடித்தது முழுவதும் ஏப்ரலுக்குள் படிவம் போட்டதும் திரும்பி வந்தது. அந்த 7.65 வராது. நியூஜெர்சிக்காரர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: ஃபுளோரிடா கேட்காவிட்டாலும், வீடு இங்கே இருக்கிறவர் எங்கே சம்பாதித்தாலும் நியூஜெர்சி தன் பங்குக்குக் கணக்குக் கேட்கும்.

குடியிருப்பின் பெயர் ஃப்ளமிங்கோ கிராசிங்ஸ் வில்லேஜ். பத்தாயிரம் பேருக்கு மேல் தங்கலாம், ஒரு சின்ன ஊர்தான். வேலைக்குப் போய்வரப் பஸ் இலவசம், ஆகவே கார் கட்டாயமில்லை. ஆனால் வீட்டுக்கு ஒருத்தியிடமாவது கார் இருந்தால் மற்றவர்கள் அவளை மகாராணியாக நடத்துவார்கள். என் மகளோடு ஒஹையோ, டெக்சாஸ், போர்ட்டோ ரிக்கோ என்று மூன்று பெண்கள். முதல் வாரத்தில் இவள் எண்ணெய் காய்ந்ததும் கடுகையும் மிளகாய் வற்றலையும் போட, புகை எச்சரிக்கை மணி அலறி, நான்கு பேரும் தலையணை உறையால் விசிறியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு தாளிப்பை இங்கிருந்தே என் மனைவி செய்து பாட்டிலில் அடைத்து அனுப்பினாள். புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, இட்லி மிளகாய்ப் பொடி. சோறு வைக்க ஒரு சின்ன மின்குக்கர். இவ்வளவு இருந்தால் பிள்ளை பிழைத்துக்கொள்ளும். போர்ட்டோ ரிக்கோப் பெண் பருப்புப் பொடிக்கு அடிமையாகி, இப்போதும் எங்கள் வீட்டு முகவரிக்கு நன்றி அட்டை அனுப்புகிறாள்.

இனி ஷூ. உடுப்பு அவர்கள் தருவார்கள், காலுக்கு நாம் வாங்க வேண்டும். கறுப்பு, வழுக்காத அடி. 60 டாலரில் நல்லதாக ஒன்று வாங்கினோம். "இன்னொரு ஜோடியும் வாங்கலாமா அப்பா?" என்று அவள் கேட்டாள். "ஒரு காலுக்கு ஒன்று போதாதா?" என்று நான் சாமர்த்தியமாகப் பதில் சொன்னேன். ஃபுளோரிடாவில் ஆகஸ்ட், செப்டம்பரில் மதியம் மூன்று மணிக்கு வானம் கறுத்து ஒரு மழை கொட்டும், தினமும் ஆள் வந்து மணி அடிப்பதுபோல. வெளியில் பெருக்குகிற வேலை. நனைந்த ஷூவோடு இரவு பதினொரு மணி வரை நடக்க வேண்டும். பஸ் பிடித்து வீட்டுக்குப் போகும்போது நள்ளிரவு தாண்டிவிடும். காலையில் அதே ஷூ, காயாமல். மூன்றாவது வாரம் குதிகாலில் கொப்புளம். நான்காவது வாரம் அது பழுத்து, கணுக்கால் வரை சிவந்துவிட்டது.

அவசரமில்லாத ஆனால் தள்ளிப்போட முடியாத வியாதிக்கென்று இங்கே தெருவுக்குத் தெரு மருத்துவமனை உண்டு. போனாள். மருந்து கொடுத்தார்கள். மூன்று வாரம் கழித்து 340 டாலருக்கு ஒரு பில் வந்தது. 26 வயது வரை பிள்ளை பெற்றோரின் காப்பீட்டில் இருக்கலாம், ஆகவே கவலையில்லை என்று நான்தான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். சட்டம் அப்படித்தான். ஆனால் என் காப்பீடு தன் வலைக்குள் இருக்கிற மருத்துவர்களுக்கு மட்டும் பணம் தருகிற வகை, அந்த வலை நியூஜெர்சி எல்லையோடு முடிகிறது. உயிர் போகிற அவசரம் என்றால் எங்கும் தருவார்கள். பழுத்த குதிகால் அதில் சேராது. இந்த விவரம் என் மேசை இழுப்பறையில் இருந்த கையேட்டின் ஆறாம் பக்கத்தில் தெளிவாகவே இருந்தது. கிளம்பும் முன் காப்பீட்டு நிறுவனத்தை ஒருமுறை அழைத்து, ஆர்லாண்டோவில் யாரிடம் போகலாம் என்று கேட்டு எழுதி வைத்துக்கொண்டால் போதும். இரண்டாவது ஜோடி ஷூவை அஞ்சலில் அனுப்பினேன். 60 டாலர் மிச்சம் பிடிக்கப் போய் 400 டாலர்.

பாதுகாப்பு பற்றிக் கேட்டார்கள் அல்லவா, அதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். நான் பயந்தது மனிதர்களுக்கு இல்லை, மில்டனுக்கு. 2024 அக்டோபர் 9-ஆம் தேதி அந்தப் புயல் ஃபுளோரிடாவின் மேற்குக் கரையில் ஏறியது. பூங்காக்களை அன்று மதியமே மூடிவிட்டார்கள், மறுநாளும் திறக்கவில்லை. நான்கு பெண்களும் குளியல் தொட்டியில் தண்ணீர் பிடித்து, ரொட்டியும் கடலை வெண்ணெயும் வாங்கி வைத்து, ஜன்னலிலிருந்து தள்ளிப் படுத்திருக்கிறார்கள். நான் இங்கே எடிசனில், வீட்டில் விடிய விடிய வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காலை ஏழு மணிக்கு, "தூங்கிவிட்டேன் அப்பா, காற்று சத்தம்தான்" என்று செய்தி வந்தது. ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை அங்கே புயல் காலம். அந்தப் பருவத்தில் பிள்ளையை அனுப்புகிறவர்கள் இரவு விழிக்கப் பழகிக்கொள்வது நல்லது. ஜனவரியில் தொடங்கும் பருவத்தில் போனால் இந்தத் தொல்லை குறைவு.

விடுமுறையும் கேட்காதீர்கள். ஊர் கொண்டாடுகிற நாளெல்லாம் அவர்களுக்கு வேலை கூடுகிற நாள். நன்றி நவிலும் நாள், கிறிஸ்துமஸ், புத்தாண்டு எதுவும் வீட்டில் கிடையாது. அந்த வருடம் தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே நாளில், அக்டோபர் 31-இல் வந்தன. பிள்ளைகள் விதவிதமான வேஷத்தில் மிட்டாய் வாங்கிக்கொண்டு போக, இவள் மிட்டாய்க் காகிதத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். எண்ணெய் தேய்த்துக் குளித்தாயா என்று என் அம்மா கேட்டதற்கு, "குளித்தேன் ஆச்சி, எண்ணெய் மட்டும் இல்லை" என்றாளாம்.

நவம்பரில் நாங்கள் பார்க்கப் போனோம். டிக்கெட்டுக்கு என்ன ஆனது என்பதை இங்கே எழுத மாட்டேன், என் மாமனார் இதைப் படிப்பார். மேஜிக் கிங்டம் வாசலில் நுழைந்து அவளைத் தேடினோம். அவள் எங்கிருந்து வருவாள் என்று தெரியாது. அந்தப் பூங்காவின் அடியில் ஊழியர்கள் நடமாடச் சுரங்கப்பாதைகள் இருக்கின்றன என்று சொல்லியிருந்தாள். உண்மையில் அவை சுரங்கமும் இல்லை. ஃபுளோரிடாவில் தோண்டினால் தண்ணீர் வந்துவிடும் என்பதால், பாதைகளைத் தரைமட்டத்தில் கட்டி, பக்கத்து ஏரிக்குத் தோண்டிய மண்ணை மேலே கொட்டி, பூங்காவை அதன்மேல் வைத்திருக்கிறார்கள். 1971-இல் திறந்த நாளிலிருந்து கூட்டம் நடப்பது முதல் மாடியில். கௌபாய் உடுப்புக்காரர் எதிர்கால உலகத்தின் வழியே நடந்து போய்க் காட்சியைக் கெடுக்கக் கூடாது என்பதற்காக இவ்வளவு ஏற்பாடு. கீழே படம் எடுக்கவும் அனுமதியில்லை.

அவள் ஒரு பக்கக் கதவிலிருந்து வந்தாள். நெஞ்சில் பெயர்ப்பட்டை, பெயருக்குக் கீழே ஊர். பெயரில் ஒரு ழகரம் இருக்கிறது. அதை யாராலும் சொல்ல முடியாததால் ஐந்து மாதத்தில் பதினேழு விதமாக அழைக்கப்பட்டாளாம். கையில் இடுப்பளவு பிடி வைத்த சின்ன முறமும், அதே உயரத்துக்குத் துடைப்பமும். குனிவதே இல்லை. நடந்துகொண்டே மணிக்கட்டை ஒரு திருப்பு, பாப்கார்ன் முறத்துக்குள் போய்விடுகிறது. நாங்கள் நின்று பார்த்த பத்து நிமிடத்தில் ஏழு பேர் அவளிடம் வழி கேட்டார்கள். கழிப்பறை எங்கே, அணிவகுப்பு எத்தனை மணிக்கு, தொலைந்த தொப்பியை எங்கே கேட்பது. பூங்காவைப் பற்றி எல்லாம் தெரிந்த ஆள் துடைப்பக்காரர்தான் என்று எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. அவள் இரண்டு விரலைச் சேர்த்து நீட்டி வழி காட்டினாள். ஒற்றை விரல் நீட்டக் கூடாது என்பது அங்கே பாடம். யாரோ ஒரு குழந்தை வாந்தி எடுத்துவிட்டதாக ஒரு பெண்மணி பதற்றத்துடன் வந்து சொன்னார். "நான் பார்த்துக்கொள்கிறேன், குழந்தை நன்றாக இருக்கிறானா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். என் மகள்! வீட்டில் தட்டைக் கழுவித் தொட்டியில் வைக்கச் சொன்னால் முகம் சுளிப்பவள்.

திரும்பி வந்து, எங்களைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிவிட்டு, துடைப்பத்தை ஒரு வாளித் தண்ணீரில் நனைத்தாள். காய்ந்த தரையில் ஒரு பெரிய வட்டம், மேலே இரண்டு சின்ன வட்டம். பிறகு மூக்கு, கண், சிரிப்பு. மிக்கி. மூன்று வயதுப் பிள்ளை ஒன்று ஓடி வந்து, அதை மிதித்துவிடாமல் ஓரத்தில் குந்தி உட்கார்ந்து பார்த்தது. வெயிலில் முதலில் ஒரு காது காய்ந்தது, பிறகு இன்னொரு காது. வாசலில் விடிகாலையில் போடுகிற தண்ணீர்க் கோலம் எனக்கு நினைவுக்கு வந்தது. மனைவியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் கைபேசியை உயர்த்தி அதைப் படம்பிடித்துக்கொண்டிருந்தாள். அந்தப் படத்தை அன்று மாலை நானேதான் உறவினர் குழுவில் போட்டேன். 'பூங்கா நிர்வாகம்' என்று முன்பு சொன்னதை யாரும் எனக்கு ஞாபகப்படுத்தவில்லை. உறவினர்களிடம் இப்படியும் ஒரு பெருந்தன்மை இருக்கிறது.

ரெசுமே மதிப்பு? போன வசந்தத்தில் ஒரு நேர்காணலில் கேட்டவர்கள், மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு அதைப் பற்றித்தான் இருபது நிமிடம் பேசினார்களாம். வேலை கிடைக்கவில்லை. அடுத்ததில் யாரும் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை, அங்கே கிடைத்தது. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

2025 கோடையில் திருநெல்வேலி போயிருந்தோம். இரண்டாம் நாள் காலையில் முற்றத்தில் மகள், ஆச்சி வீட்டு ஈர்க்குத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு, பழக்க தோஷத்தில் நிமிர்ந்தபடியே பெருக்க முயன்றாள். துடைப்பம் தரையைத் தொடவே இல்லை. குனிந்தாள், நாலு இழுப்பில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். தினமும் வாசல் பெருக்க வருகிற அக்கா, நாற்பது வருடமாக வருகிறவர், படியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மகள் தன் கைபேசியில் அந்தப் படத்தை எடுத்து, நீளப் பிடி வைத்த முறத்தையும் துடைப்பத்தையும் அவரிடம் காட்டினாள். அவர் படத்தைப் பெரிதாக்கத் தெரியாமல் விரலால் தொட்டு, கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இதைக் கம்பெனியிலேயே கொடுத்தார்களாம்மா?"

"ஆமாம் அக்கா."

அவர் என் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். அம்மா, காபி ஆறுகிறது என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.